சில பேர்

"சில பேர் இருக்காங்க. ஊருக்கே கையெடுத்துக் கும்பிடுவாங்க. பக்கத்துல உக்காந்திருக்கிறவன் கண்ணுக்குத் தெரிய மாட்டான். பல்லு முப்பத்திரண்டும் வெளிய தெரியும், வாயில ஒரு வார்த்தை இருக்காது. அவங்கல்லாம் மனுசங்களா?"

வாசித்து முடித்து குணசீலன் நோட்டை மூடினார்.

"நாலு வியாழக்கிழமையா இதே பாட்டுத்தான் மேடம். வருவார். உக்காருவார். மேல சுத்தற காத்தாடியைப் பார்த்து இதைச் சொல்லுவார். மணி ஆனதும் துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டுப் போயிடுவார்."

"யாரு அந்தச் சில பேர்?"

"அதைத்தான் உங்ககிட்ட கேக்க வந்தேன்."

"அவர்கிட்ட கேட்டீங்களா?"

"கேட்டேன். 'சில பேர்தான் தம்பி'ன்னார்."

தமயந்தி சிரிக்கவில்லை.

அவர் திருச்சியில் பேச்சால் மனசுக்கு வைத்தியம் பார்ப்பவர். வயது நாற்பத்து நான்கு. அந்த வித்தையைப் படிக்க வருகிறவர்களுக்குச் சொல்லியும் கொடுப்பார்.

குணசீலன் அவரைவிட ஏழு வயது மூத்தவர். மணப்பாறையில் கணக்கு வாத்தியாராக இருந்து, வேலையை விட்டு, இந்தப் படிப்பைப் படித்து, வீட்டு மாடியில் ஓர் அறை போட்டிருந்தார். மாதம் இரண்டு திங்கட்கிழமை பஸ் ஏறி வந்து, தன்னிடம் வருகிறவர்கள் என்ன சொன்னார்கள், தான் என்ன சொன்னேன் என்று தமயந்தியிடம் ஒப்பிப்பார். திட்டு வாங்கிக்கொண்டு போவார்.

எடை சரியாக இருந்தால் போதும். தராசு பிடிக்கிறவர் வயசை யாரும் கேட்பதில்லை.

"முதல்லேர்ந்து சொல்லுங்க" என்றார் தமயந்தி.

வந்தவர் பெயர் வீரமலை. வயது அறுபத்து இரண்டு. மாட்டுத் தரகர்.

மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். இரண்டு பேர் கையைக் கோத்து, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொள்வார்கள். துண்டுக்கு மேலே மாட்டின் பல்லைத் திட்டுவார்கள், வாலைத் திட்டுவார்கள், சுழியைத் திட்டுவார்கள். துண்டுக்குக் கீழே விரல் விலை பேசும். வாய் ஊருக்கு. விரல் ஒரே ஒருத்தனுக்கு.

தரகனுக்கு வலது கைதான் வாய்.

"அந்தக் கைதான் மேடம் நோவு. மேலே துண்டு விழுந்ததும் விரலெல்லாம் மடங்கி இறுகிடுது. இப்படி."

குணசீலன் முஷ்டி பிடித்துக் காட்டினார்.

"எதிராளி பிரிச்சாலும் பிரியாது. துண்டை எடுத்துட்டா சரியாயிடுது. சாப்பிடறார், பீடி பத்த வைக்கிறார், செல்போன் அமுக்கறார். எல்லாம் நடக்குது. சந்தையில மட்டும் ஊமை. நரம்பு டாக்டர் எல்லா ஸ்கேனும் பார்த்துட்டு, நரம்புல ஒண்ணும் இல்லைன்னு என்கிட்ட அனுப்பினார்."

தமயந்தி அந்த முஷ்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். குணசீலன் கையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"எப்பலேர்ந்து?"

"ஒன்றரை வருஷமா. அவர் அண்ணன் செத்த சேதி வந்ததுக்கு மறுநாள், சந்தையில. அதை நானே கண்டுபிடிச்சேன் மேடம்."

"சபாஷ். அண்ணன் யாரு?"

அது வீரமலை வழக்கமாகச் சொல்லும் கதை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்வார். அவருக்குப் பதினொரு வயது. அண்ணனும் தம்பியுமாக ஒரு ஜோடி காளையை நடத்தியே சந்தைக்குக் கொண்டு வந்தார்கள். அண்ணன், 'கயிறைப் பிடிடா, டீ குடிச்சிட்டு வரேன்' என்று சொல்லிவிட்டுப் போனான்.

போனவன் போனவன்தான்.

வெயில் ஏறியது. இறங்கியது. மற்ற மாடெல்லாம் போய்விட்டது. பையன் கயிற்றை விடவில்லை. கடைசியில் ஒரு கிழட்டு வியாபாரி வேடிக்கைக்காகத் துண்டைப் போட்டுக் கையைப் பிடித்தான். பையன் பேரம் பேசினான். அப்பன் எதிர்பார்த்ததைவிட நல்ல விலை.

"'அன்னைக்குத் தொழில்ல இறங்கினவன்தான் தம்பி நான், எவனும் கத்துக் குடுக்கலை'ன்னு தொடையில தட்டிச் சொல்லுவார். அண்ணன் ஆறு மாசம் கழிச்சுத் தாராபுரத்துல இருக்கறதாத் தெரிஞ்சுதாம். ஒரு பொண்ணைக் கட்டிக்கிட்டு அங்கேயே இருந்துட்டார். வீட்டுல யாருக்கும் சொல்லலை. செத்ததுக்கும் சேதி மூணு நாள் கழிச்சுத்தான் வந்தது."

"அழுதாரா?"

"'எவன் செத்தா எனக்கென்ன'ன்னு சிரிச்சார். ரொம்பத் தைரியமான மனுஷன் மேடம்."

"ம்."

"அதனால அந்தச் 'சில பேர்' அண்ணனாத்தான் இருக்கணும்னு நினைச்சேன். கேட்டேன். 'செத்தவனை எதுக்குத் தம்பி இழுக்கறீங்க'ன்னு கோபப்பட்டார். அப்புறம் மருமகனா, கூட்டுத் தரகரா, அப்பாவான்னு ஒவ்வொருத்தராக் கேட்டேன். எழுதி வச்சிருக்கேன் பாருங்க. எட்டுப் பேர்."

நோட்டைத் திருப்பிக் காட்டினார். எட்டுப் பெயர். எட்டும் அடிக்கப்பட்டிருந்தன.

"இப்ப என்ன அவசரம்?" என்றார் தமயந்தி. "அடுத்த திங்கள்தானே உங்க முறை. ஏன் இன்னைக்கே வந்தீங்க?"

குணசீலனின் குரல் இறங்கியது.

"வர ஞாயித்துக்கிழமை கையில சூடு வச்சுக்கப் போறார்."

"யாரு வைக்கிறா?"

"மாட்டுக்கு வைக்கிற ஆளுதான். மரத்துப்போன மாட்டுக்குக் கம்பியைக் காய்ச்சி இழுத்தா எந்திரிச்சு நிக்குமாம். அதே கம்பி. நாலு விரலுக்கும். தேதி வாங்கிட்டார் மேடம். அப்புறம் அந்தக் கை எதுக்கும் ஆகாது."

"வேண்டாம்னு சொன்னீங்களா?"

"சொன்னேன். 'நல்ல மாட்டுக்கு ஒரு சூடு தம்பி'ன்னு சிரிச்சார்."

"அவ்வளவுதான் சொன்னாரா?"

"அவ்வளவுதான்."

"பழமொழி பாதிதான் வந்திருக்கு."

சொல்லிவிட்டுத் தமயந்தி எழுந்து ஜன்னல் பக்கம் போனார். அங்கே ஒரு பாட்டிலில் மணி பிளான்ட் இருந்தது. சொம்புத் தண்ணீரை அதில் ஊற்றினார். குணசீலனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செடியிடம் பேச ஆரம்பித்தார்.

"சில ஜென்மங்களுக்கு எவ்வளவு ஊத்தினாலும் உள்ள இறங்காது. ரெண்டு வருஷமா ஊத்துறேன். இலை மட்டும் தாம்பாளம் மாதிரி விடுது. வேரைக் காட்டுன்னா முழிக்குது."

குணசீலன் புன்னகை செய்தார்.

"வயசானா புத்தி வரும்னு யாரோ சொன்னாங்க. வயசுதான் வருது."

புன்னகை நின்றது.

"எட்டுப் பேரை எழுதி எட்டுப் பேரையும் அடிச்சா, அது வைத்தியமா, வாக்காளர் பட்டியலா?"

குணசீலன் நோட்டின் மேலிருந்த கையை மெல்ல எடுத்தார்.

"சாரி மேடம்."

"எதுக்கு சாரி?"

"என்னைத்தானே சொல்றீங்க."

"நான் செடியைச் சொன்னேன்."

"செடி எங்க மேடம் நோட்டுப் போட்டுச்சு?"

"பொதுவாச் சொன்னேன்."

"பொதுவாவா? இந்த ரூம்ல வேற யாரு இருக்கா?"

சொன்ன வாய் மூடவில்லை.

தமயந்தி சொம்பை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அவசரப்படுத்தவில்லை.

"எங்க அம்மா கோழியைத்தான் திட்டுவாங்க" என்றார் குணசீலன், தரையைப் பார்த்துக்கொண்டு. "'தின்னுட்டுத் தின்னுட்டுத் தூங்குதே'ன்னு. எங்க வீட்டுக்காரி அன்னைக்குச் சாப்பிட மாட்டா."

"கோழி?"

"கோழி நல்லாச் சாப்பிடும்."

"யாரைத் திட்டணுமோ அந்த ஆளு வீட்டுல இல்லாதப்ப அம்மா கோழியைத் திட்டுவாங்களா?"

"எதுக்குத் திட்டணும்? கேக்கறதுக்கு ஆளே இல்லாதப்ப?"

இதையும் சொல்லிவிட்டு அவரே கேட்டுக்கொண்டார்.

பெரிய கணக்கையெல்லாம் பலகையில் போட்டவர். ஒன்றும் ஒன்றும் இரண்டு என்பதற்கு இவ்வளவு நேரம் ஆனது.

"நான் என்ன மேடம் பண்ணேன் அவருக்கு? அவரு சொல்றது ஒண்ணு விடாம எழுதறேன். ஒரு நாள் லேட்டா வந்ததில்லை. குறுக்கப் பேசினதில்லை."

"இந்தப் பாட்டு எந்தத் தேதியில ஆரம்பிச்சுது?"

நோட்டைப் புரட்டினார்.

"நான் லீவு முடிஞ்சு வந்த முதல் வியாழக்கிழமை."

"எதுக்கு லீவு?"

"என்ன மேடம், நீங்களே வந்து சாப்பிட்டுட்டுப் போனீங்க. பொண்ணு கல்யாணம்."

"அவர்கிட்ட என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லலை. வைத்தியம் பார்க்கிறவன் வெள்ளைச் சுவர் மாதிரி இருக்கணும், தன் கதையைச் சொல்லக்கூடாது, வர்றவங்க அந்தச் சுவர்ல அவங்கவங்க மனசுல இருக்கிற படத்தை வரைஞ்சுப்பாங்கன்னு புத்தகத்துல இருக்கு. நீங்கதான் படிக்கச் சொன்னீங்க. அதனால கதவுல ஒரு சீட்டு ஒட்டினேன்."

"சீட்டுல என்ன?"

"'தவிர்க்க முடியாத காரணத்தால் பன்னிரண்டு நாட்கள் விடுமுறை.'"

"பெத்த பொண்ணு கல்யாணம் தவிர்க்க முடியாத காரணமா?"

குணசீலன் நோட்டின் ஓரத்தை மடித்தார்.

"கல்யாணம் எங்க?"

"மணப்பாறையிலேயேதான். மண்டபத்துல."

"பஸ் ஸ்டாண்டுல இறங்கினதும் ஒரு பிளெக்ஸ் பார்த்தேன்."

"அது மச்சான் வச்சது மேடம். நான் வேண்டாம்னுதான் சொன்னேன்."

"அதுல நீங்க எப்படி நின்னீங்க?"

குணசீலன் தன்னை அறியாமல் இரண்டு கையையும் கூப்பினார். பல் தெரியச் சிரிப்பதற்கு வாயும் ஆயத்தமானது.

கூப்பிய கை அப்படியே நின்றது.

"வெள்ளைச் சுவருன்னீங்க" என்றார் தமயந்தி. "பன்னிரண்டு அடிக்கு பிளெக்ஸ் மாட்டின சுவரு. 'வருக வருக'ன்னு எழுதின சுவரு. சந்தைக்கு மாட்டைப் பிடிச்சுக்கிட்டு வர்றவன் அத்தனை பேரும் அதைத் தாண்டித்தான் வரணும்."

"புத்தகத்துல..."

"புத்தகம் எழுதினவருக்கு பிளெக்ஸ் தெரியாது. உங்களுக்குத் தெரியும்."

குணசீலனுக்குக் கோபம் வந்தது. நியாயமான கோபம்.

"அப்ப அவருக்குப் பத்திரிகை வச்சிருக்கணும்ங்கிறீங்களா? இங்க வர்றவங்களை வீட்டு விசேஷத்துக்குக் கூப்பிடாதேன்னு சொன்னது நீங்கதான்."

"இப்பவும் சொல்றேன். கூப்பிடக்கூடாது."

"பின்ன?"

"எனக்கு எப்படிப் பத்திரிகை குடுத்தீங்க?"

"நேர்ல வந்து. தட்டுல வெத்தலை பாக்கோட."

"வாட்ஸப்ல அனுப்பியிருக்கலாமே."

"அது எப்படி மேடம்? மனசுல வச்சுப்பீங்க."

"யாரு? மனசைப் பத்தி ஊருக்கே பாடம் எடுக்கிற நானா?"

"ஆமா மேடம்."

"ஆமா. வச்சிருப்பேன்."

குணசீலனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"கூப்பிடலை. சரி" என்றார் தமயந்தி. "சொன்னீங்களா?"

"சொல்லிட்டுக் கூப்பிடலைன்னா வலிக்காதா?"

"வலிக்கும். சொல்லலைன்னாலும் வலிக்கும். எந்த வலியை அவர் உங்க மூஞ்சிக்கு நேரா கேக்க முடியும்?"

குணசீலன் இந்தக் கேள்வியை நோட்டில் எழுதப் போனார். தமயந்தி நோட்டை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார்.

"புரிஞ்சு போச்சு மேடம்" என்றார் குணசீலன், எழுந்து. "வியாழக்கிழமை முதல் வேலையா மன்னிப்புக் கேட்டுடறேன். தாம்பூலப் பை நாலஞ்சு மிச்சம் இருக்கு. ஒண்ணை எடுத்து வச்சுக் கையில குடுத்துடறேன். பொண்ணையும் மாப்பிள்ளையையும் வரச்சொல்லி ஆசீர்வாதம்கூட..."

"உக்காருங்க."

உட்கார்ந்தார்.

"தேங்காயை அவர் வாயில அடைக்கப் போறீங்களா?"

"மேடம்..."

"அவர் இன்னும் விலையே சொல்லலை. நீங்க முந்திக்கிட்டு நீட்டுறீங்க. சந்தையில அப்படி நீட்டினா என்ன நினைப்பாங்க?"

"இவன் சீக்கிரம் கழண்டுக்கப் பார்க்கிறான்னு நினைப்பாங்க."

"நாலு வாரமா அந்த மனுஷன் துண்டைப் போட்டுக்கிட்டுக் கையை நீட்டிக்கிட்டு உக்காந்திருக்கார். நீங்க காத்தாடியோட பேசறார்னு எழுதியிருக்கீங்க."

"அப்ப நான் என்னதான் சொல்லணும்?"

"நல்ல மாட்டுக்கு?"

"ஒரு சூடு."

"நல்ல மனுஷனுக்கு?"

"ஒரு சொல்." குணசீலன் நிமிர்ந்தார். "எந்தச் சொல் மேடம்?"

தமயந்தி கதவைத் திறந்து விட்டார்.

பாதிப் படி இறங்கியிருப்பார். மேலேயிருந்து குரல் வந்தது.

"குணசீலன் சார். அந்தப் பையன் கயிறை எந்தக் கையில பிடிச்சுக்கிட்டு நின்னான்?"

"கேக்கலையே மேடம்."

கதவு சாத்திக்கொண்டது. நோட்டு உள்ளேயே இருந்தது.

மணப்பாறை பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது பிளெக்ஸ் இன்னும் இருந்தது. மணமக்கள் பக்கம் காற்றில் கிழிந்து மடங்கியிருந்தது. குணசீலன் மட்டும் முழுசாக இருந்தார். கை கூப்பியபடி, பல் தெரிய. கீழே, 'தங்கள் வரவை அன்புடன் எதிர்நோக்கும்.'

குணசீலன் அதன் எதிரே போய் நின்றார். ஓர் அறுபத்து இரண்டு வயது ஆள் தோளில் துண்டோடு நின்றால் எப்படித் தெரியும் என்று பார்த்தார்.

நன்றாகத்தான் தெரிந்தது.

அவர் அதைக் கழற்றவில்லை.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு வீரமலை படியேறி வந்தார். முதல் நாளே சாய்ந்து படுக்கச் சொன்னதற்கு, 'பட்டப்பகல்ல மல்லாக்கப் படுத்தா ஊதுபத்தி கொளுத்திருவாங்க தம்பி' என்று மறுத்தவர். நாற்காலியில் உட்கார்ந்தார். குணசீலன் வழக்கம்போல் பக்கவாட்டில், சற்றுப் பின்னால்.

வீரமலை காத்தாடியைப் பார்த்தார்.

"ஞாயித்துக்கிழமை சூடு. இன்னைக்கோட சரி தம்பி. சொல்லிட்டுப் போகணும்ல, அதான் வந்தேன். நான் சொல்லாமப் போற ஆளு இல்லை."

"சொல்லுங்கய்யா."

"சொல்றதுக்கு என்ன இருக்கு? சில பேர் இருக்காங்க. வாங்க வாங்கம்பாங்க. யாரை வாங்கம்பாங்கன்னு அவங்களுக்கே தெரியாது. நம்ம கதை அம்புட்டையும் கறந்துக்குவாங்க. அவங்க கதையில ஒரு சொட்டு வெளிய சிந்த மாட்டாங்க. அந்த மாதிரி ஆளுங்க..."

"அந்தச் சில பேர் நான்தானேய்யா" என்றார் குணசீலன்.

வீரமலை காத்தாடியையே பார்த்தார். திரும்பவில்லை.

"உங்களை யாரு தம்பி சொன்னா? நான் பொதுவாச் சொன்னேன்."

"இந்த ரூம்ல வேற யாரு இருக்கா?"

"காத்தாடி இருக்கு."

"காத்தாடி பஸ் ஸ்டாண்டுல கை கூப்பிக்கிட்டு நிக்கலையே."

 

வீரமலை நாற்காலியோடு திரும்பினார். இத்தனை மாதத்தில் முதல் தடவையாக நேருக்கு நேர் பார்த்தார்.

"பார்த்தேன்" என்றார். "மாட்டைப் பிடிச்சுக்கிட்டு வந்தவன் அங்கனயே நின்னுட்டேன். கூட வந்தவன் கேக்கறான், 'என்னண்ணே, உங்க வாத்தியாரு வீட்டுக் கல்யாணமாம், போகலையா'ன்னு. நான் என்ன சொல்றது? எனக்குப் பத்திரிகை வரலைன்னு சொல்றதா? 'போகணும், போகணும்'னேன். பொய் சொன்னேன். மாட்டு வியாபாரத்துலகூட அப்படி ஒரு பொய் சொன்னதில்லை."

குணசீலன் கேட்டுக்கொண்டிருந்தார்.

"உங்க வீட்டுச் சோத்துக்கா அலையறேன்? எனக்குச் சோறு இல்லையா? அதுக்கு முந்தின வாரம் இதே நாக்காலியில உக்காந்து எங்க ஆத்தா செத்ததைச் சொன்னேன். அன்னைக்கு உங்க வீட்டுக் கீழ பந்தக்கால் நட்டிருக்காங்க. நான் அதைத் தாண்டிப் படியேறி வந்திருக்கேன். யாருதுன்னு கேக்கலை. சொல்லுவீங்கன்னு இருந்தேன். அடுத்த வாரம் வந்தா கதவுல சீட்டு. எழுத்துக் கூட்டிப் படிச்சேன். தவிர்க்க முடியாத காரணமாம்."

குரல் உயர்ந்தது.

"கூப்பிட வேணாம். போகும்போது ஒரு வார்த்தை. 'ஐயா, வீட்டுல விசேஷம், பன்னிரண்டு நாள் இருக்க மாட்டேன், வந்துருவேன்.' அவ்வளவுதான். வாய் வலிக்குமா? நிக்கிறவனுக்கு வருவாங்களா வர மாட்டாங்களான்னு தெரிய வேண்டாமா? அவன் பாட்டுக்கு நின்னுக்கிட்டே இருப்பான்ல?"

குணசீலனின் நாக்கு நுனிக்கு மூன்று வாக்கியங்கள் வந்தன. ஒன்று புத்தகத்தில் இருந்தது. ஒன்று மன்னிப்பு. ஒன்று அலமாரியில் தேங்காயோடு தயாராக இருந்தது. கொடுத்தால் வீரமலை வாங்கிக்கொள்வார், சிரிப்பார், கும்பிடுவார், ஞாயிற்றுக்கிழமை போய்க் கையை நீட்டுவார்.

மூன்றையும் விழுங்கினார். கஷ்டமாகத்தான் இருந்தது.

"சொல்லாமப் போனேன்" என்றார்.

வீரமலை காது கேளாதவர் போலக் குனிந்தார்.

"என்ன?"

"சொல்லாமப் போனேன்."

வீரமலையின் வாய் கோணியது. தோளில் கிடந்த துண்டு நழுவி மடியில் விழுந்து கையை மூடியது. துண்டுக்குள்ளே விரல்கள் மடங்கின. இறுகின. குணசீலன் பார்த்துக்கொண்டே இருந்தார், எழவில்லை.

"நீ போனே" என்றார் வீரமலை.

"ஆமா."

"நான் நின்னேன்."

"எவ்வளவு நேரம் நின்னீங்க?"

"எல்லாரும் போயிட்டாங்க. தண்ணி காட்டறதுக்கு ஆளில்லை, மாடு முட்டுது. ஒண்ணுக்கு வருது. கயிறை விட்டுட்டுப் போக முடியுமா? அப்பன் கொன்னுருவான். எல்லாரும் கேக்கறாங்க, 'யாரோட வந்தே'ன்னு. 'இந்தா வந்துரும், டீ குடிக்கப் போயிருக்கு'ன்னேன். பொழுது சாயற வரைக்கும் அதையேதான் சொன்னேன்."

"எந்தக் கையிலய்யா கயிறு?"

வீரமலை துண்டோடு சேர்த்து வலது கையைத் தூக்கினார். துண்டு முறுக்கிக்கொண்டு முஷ்டிக்குள்ளே இருந்தது, ஒரு முனை தொங்கியது. அதைக் குணசீலனுக்கு நேரே நீட்டினார். கண்ணிலிருந்து ஒழுகியதை இன்னொரு கையால் துடைக்கக்கூட இல்லை.

"விரல் மரத்துப் போச்சுண்ணே" என்றார். "எம்புட்டு நேரந்தான் நிக்கிறது? நீ டீ குடிச்சு முடிச்சிருப்பேல்ல. வா. வந்து கயிறை வாங்கு."